டப்பா அக்காவுக்கு மௌன அஞ்சலி கிடையாது

மேடையில் வீற்றிருக்கும் பூங்காவின் பொது மேலாளர் அவர்களே, நிர்வாகக் குழுவின் பெரியோர்களே, முதல் வரிசையில் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர் தையற்காரர் அவர்களே, அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் அக்காவின் மகளே, டிக்கெட் கவுன்டர், ராட்டினம், தோட்டம், சிற்றுண்டிக் கடை என்று எல்லாப் பிரிவுகளிலிருந்தும் வந்திருக்கும் தோழர்களே, வேலை முடிந்த கையோடு சீருடையைக்கூட மாற்றாமல் வந்து சுவரோரம் நிற்கும் துப்புரவுப் பிரிவுச் சகோதரிகளே! முன்வரிசையில் ஆறு நாற்காலிகள் சும்மா கிடக்கின்றன. வந்து உட்காருங்கள் அம்மா. யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் உட்காரும்வரை நான் பேசப்போவதில்லை.

நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

அக்காவின் உறவினர்கள் வந்திருப்பதால் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் இந்தப் பொழுதுபோக்குப் பூங்காவின் தலைமை மெக்கானிக். தொழிற்சங்கச் செயலாளரும் நான்தான். இருபத்தாறு வருடங்களாக இரும்போடும் கிரீசோடும் பழகியவன். எனக்கு நாசூக்காகப் பேச வராது. வந்தாலும் இன்றைக்குப் பேச மாட்டேன்.

உள்ளே வரும்போது வாசலில் அக்காவின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பெரிய படம், நல்ல சட்டம். அதன் கீழே நிர்வாகம் ஒரு வாசகம் அச்சிட்டிருக்கிறது. 'பத்தொன்பது ஆண்டுகள் துப்புரவுப் பிரிவில் பணியாற்றி, பார்வையாளர்களுக்குப் பல்வேறு வகைகளில் உதவிய அன்புள்ளம்.' படித்தீர்களா? பல்வேறு வகைகளில்! என்ன வகை ஐயா? வழி காட்டினாரா? குடை பிடித்தாரா? பல்லாயிரம் பெண்களுக்கு அவர் என்ன செய்தார் என்பது இந்த அரங்கத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். அதை எழுத மட்டும் கை வரவில்லை!

நான் சொல்கிறேன். அவர் நாப்கின் வைத்தார். இந்தப் பூங்காவின் பதினோரு பெண்கள் கழிப்பறைகளிலும், மாதவிடாய் வந்த எந்தப் பெண்ணும் எடுத்துக்கொள்ளும்படி, மூடி இல்லாத பிஸ்கட் டப்பாக்களில் நாப்கின் வைத்தார். எட்டு வருடங்கள் வைத்தார். அதனால்தான் அவர் டப்பா அக்கா. என்னைவிட ஐந்து வயது இளையவர். என்னை 'அண்ணே' என்பார். ஆனாலும் எனக்கும் அவர் அக்காதான்.

அந்த அக்கா பன்னிரண்டு நாட்களுக்கு முன்பு மூளையில் ரத்தக்குழாய் வெடித்து நம்மை விட்டுப் போனார். மறுநாள் அடக்கம். அடக்கத்துக்கு மறுநாள் என்ன நடந்தது தெரியுமா? பதினோரு டப்பாக்களையும் எடுத்து ஒரு சாக்கில் கட்டிக் கிடங்கில் போட்டுப் பூட்டினார்கள்! கண்ணீர் காயவில்லை, அவர் படத்துக்குச் சட்டம்கூட வரவில்லை, அதற்குள் டப்பா போய்விட்டது. அப்படி என்ன அவசரம்? அவர் எப்போது கண்ணை மூடுவார் என்று காத்துக்கொண்டிருந்தீர்களா?

அந்த டப்பா எப்படி வந்தது என்று முதலில் சொல்கிறேன். அதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பெருமைப்படக்கூடிய பங்கு இல்லை.

எட்டு வருடங்களுக்கு முன்பு ஒரு விடுமுறை நாள். ராட்சத ராட்டினத்தை ஓட்டுபவர் விடுப்பு, நான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கூண்டில் ஒரு பெண், பன்னிரண்டு வயது இருக்கும், சுற்று முடிந்தும் இறங்கவில்லை. காசில்லாமல் இன்னொரு சுற்று போகப் பார்க்கிறாள் என்று நான் நினைத்தேன். ஒலிபெருக்கியில், ஆமாம், ஊரே கேட்க ஒலிபெருக்கியில், "பாப்பா, உன் டிக்கெட் முடிஞ்சுபோச்சு, இறங்கு! வெளில அம்பது பேரு நிக்கறாங்க!" என்று சத்தம் போட்டேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை இருக்கையை ஒருமுறை பார்த்தது, என்னை ஒருமுறை பார்த்தது, அப்புறம் அழ ஆரம்பித்தது. எனக்கு மனைவி உண்டு, இரண்டு மகள்கள் உண்டு. அப்படியிருந்தும் எனக்குப் புரியவில்லை! போல்ட் அரை நூல் தளர்ந்தால் சத்தத்திலேயே கண்டுபிடிப்பேன் என்று மார்தட்டிக்கொள்பவன் நான்.

துடைப்பத்தோடு அந்தப் பக்கம் வந்த அக்காவுக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. துடைப்பத்தை என் கையில் கொடுத்தார். கூண்டில் ஏறினார். கதவைச் சாத்தினார். "அண்ணே, இன்னொரு சுத்து விடுங்க. மெதுவா விடுங்க. நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்க" என்றார். விட்டேன். ராட்டினம் மேலே போய்க் கீழே வந்தபோது அந்தப் பிள்ளை அக்காவின் நீலச் சீருடைக் கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கியது. முழங்கால்வரை தொங்கிய அந்தக் கோட்டில் அது ராணி மாதிரி நடந்து போனது. அக்கா இருக்கையைத் துடைத்துவிட்டு என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "துடைப்பத்தக் குடுங்கண்ணே" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

மறுநாள் படகுக் குளத்தின் பக்கத்துக் கழிப்பறையில், கைகழுவும் தொட்டிக்கு மேலே முதல் டப்பா வந்தது. அதன் மேல் அக்கா ஒரு தாள் ஒட்டியிருந்தார். அவர் கையெழுத்து கோழி கிண்டியது மாதிரி இருக்கும், ஆனாலும் படிக்கலாம். 'நாப்கின். எடுத்துக்கொள்ளுங்கள். யாரையும் கேட்க வேண்டாம்.'

அந்தக் கடைசி வரிக்கு நான்கூட அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். "கேட்டா குடுக்கப்போறீங்க. அதுல என்ன? வாயுள்ள பிள்ளை பொழச்சுக்கும்" என்றேன். "வாயில்லாத பிள்ளையும் பொழைக்கணும்ல அண்ணே" என்றார் அக்கா. தோழர்களே, அந்தப் பழமொழியை நான் முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பதில் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

அதற்கு முன்பு இந்தப் பூங்காவில் நாப்கினே இல்லையா? இருந்தது! எங்கே இருந்தது? முதலுதவி அறையில், பூட்டிய அலமாரியில். குளத்திலிருந்து முதலுதவி அறைக்கு எத்தனை அடி என்று அக்கா நடந்தே எண்ணியிருக்கிறார்: எழுநூற்றுப் பன்னிரண்டு. வழியில் ஐஸ்கிரீம் கடை எத்தனை? ஒன்பது! பலூன் கிடைக்கும், பொம்மைக்கு பேட்டரி கிடைக்கும், தண்ணீரில் நனையாமல் போனைப் போட்டு வைக்க உறை கிடைக்கும். இது மட்டும் கிடைக்காது. எழுநூற்றுப் பன்னிரண்டு அடி கால்களை ஒடுக்கிக்கொண்டு நடந்து போனால் அங்கே ஒரு கம்பவுண்டர், ஆண், ஒரு நோட்டை நீட்டுவார். பெயர், வயது, உடன் வந்தவர், கையெழுத்து. நடுவில் ஒரு கட்டம், 'காயத்தின் தன்மை'.

காயத்தின் தன்மை! பத்து வயதுப் பிள்ளை அதில் என்ன எழுதும்? எல்லோரும் ஒன்றையேதான் எழுதினார்கள். 'தலைவலி.' ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இருபத்தேழு தலைவலி! இருபத்தேழும் பெண்களுக்கே! நம் நிர்வாகக் குழு அந்த நோட்டைப் பார்த்துக் கவலைப்பட்டுக் கூட்டம் போட்டது. இரண்டு மணி நேரம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தது. என்ன முடிவு? குடை ராட்டினத்தின் ஒலிபெருக்கி சத்தம் அதிகம், அதனால்தான் பெண்களுக்குத் தலைவலி வருகிறது! சத்தத்தைக் குறைத்து, பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லி எனக்கு எழுத்தில் உத்தரவு வந்தது. நானும் ஏணி போட்டு ஏறித் திருப்பி வைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொரு தலைவலி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நிர்வாகத்தைப் பார்த்து மட்டும் சிரிக்காதீர்கள். உங்கள் சங்கத்தின் லட்சணத்தையும் கேளுங்கள்.

ஐந்து வருடங்களுக்கு முன்பு நாம் கோரிக்கைப் பட்டியல் கொடுத்தோம். அக்கா என் அறைக்கு வந்தார். பதினோரு டப்பாவையும் துப்புரவுப் பெண்களும் வந்துபோகும் பெண்களும்தான் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். எடுத்தவர்கள் அடுத்த முறை வரும்போது கொண்டுவந்து வைப்பார்கள். ஒரு தகப்பன், தாயில்லாத பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தவர், ஒரு பை நிறைய வாங்கி வந்து அக்கா கையில் திணித்துவிட்டுத் திருடன் மாதிரி ஓடினாராம். "மனுசங்க நல்லவங்கதாண்ணே. ஆனா ஒரு மழை வாரம் யாரும் வரலன்னா டப்பா காலி. பூங்காவே வைக்கட்டும். பட்டியல்ல சேருங்க" என்றார். சேர்த்தேன். ஒன்பதாவது கோரிக்கை. என்ன என்று எழுதினேன் தெரியுமா? 'பெண்களுக்கான இதர வசதிகள்.'

இதர வசதிகள்! அந்தச் சொல்லை எழுத எனக்குக் கூச்சம்! மேலாளர் முன்னால் அதை வாசிக்க எனக்கு நாக்கு எழவில்லை! நிர்வாகம் உடனே ஒப்புக்கொண்டது. ஒரு மாதத்தில் இதர வசதிகள் வந்து இறங்கின. பதினோரு கழிப்பறைக்கும் பூப்போட்ட சட்டம் வைத்த ஆளுயரக் கண்ணாடி! நாப்கின் இல்லாமல் நிற்கும் பிள்ளை தன் பின்பக்கத்தை முழுசாகப் பார்த்து அழுவதற்கு ஒரு கண்ணாடி! நான் சங்கக் கூட்டத்தில் 'ஒன்பதாவது கோரிக்கை வெற்றி' என்று அறிவித்தேன். நீங்கள் கை தட்டினீர்கள். அக்கா மட்டும் தட்டவில்லை. வெளியே வந்து சொன்னார், "அண்ணே, உங்களுக்கு வாயில வரலன்னா எங்கிட்ட மைக்கக் குடுத்திருக்கலாமே." கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அந்த வெட்கம் இன்றுவரை என்னை அரித்துக்கொண்டிருக்கிறது, இதை இத்தனை பேர் முன்னால் சொல்லித்தான் தீர வேண்டும்.

பிறகு ஒரு புகார் வந்தது. யாரோ ஒரு கனவான், மனைவி சொன்னாளாம், குடும்பத்தோடு வரும் இடத்தில் இப்படித் திறந்து வைக்கலாமா என்று எழுதிப் போட்டார். ஒரே ஒருவர்! உடனே அக்காவுக்கு மெமோ. நகல் என் கையில் இருக்கிறது, வாசிக்கிறேன். 'குடும்பங்கள் வருகை தரும் இடத்தில் தகாத பொருட்களைப் பார்வைக்கு வைத்தமைக்கு விளக்கம் தேவை.' தகாத பொருள்! நம் வாசல் பலகையில் 'தகாத பொருட்கள்' என்று எதையெல்லாம் எழுதியிருக்கிறோம்? மது, கத்தி, பட்டாசு. அந்த வரிசையில் இது! இதைத் தட்டச்சு செய்த கையும், இதில் கையெழுத்துப் போட்ட கையும் ஒரு பெண் பெற்ற கைகள்தானே?

விசாரணைக்கு நானும் கூடப் போனேன். மேலாளர் அவர்களே, நீங்கள் அப்போது சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ஏம்மா, சொன்னா புரிஞ்சுக்கோங்க. இது குடும்பம் வர்ற இடம்." அக்கா என்ன கேட்டார் என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். நெற்றியைச் சொறிகிறீர்களே, நினைவிருக்கிறது! "குடும்பத்துல பொம்பளைங்க கிடையாதா சார்?" நீங்கள் மெமோவை மடித்து இழுப்பறையில் போட்டீர்கள். டப்பா அதே இடத்தில் இருந்தது, அதற்குப் பிறகு யாரும் மெமோ கொடுக்கவில்லை. ஒரு தனி மனுஷி தன் உடம்பை முட்டுக்கொடுத்து அந்த டப்பாக்களை அங்கே நிறுத்தியிருந்தார் என்பது, அவர் சாய்ந்த மூன்றாம் நாளே தெரிந்துபோனது.

தையற்காரர் அவர்களே, நீங்கள் ஒன்று சொன்னீர்கள். அக்கா சீருடைக் கோட்டில் உள்பக்கம் இரண்டு பெரிய பை வைத்துத் தைக்கச் சொன்னாராம். "எதுக்குன்னு நான் கேக்கலைங்க. அவ கேட்டா தைப்பேன்" என்றீர்கள். எதற்கு என்று கேட்காமல் செய்த ஒரே ஆண் நீங்கள்தான் ஐயா. இந்தப் பூங்காவின் சார்பில் உங்களைக் கும்பிடுகிறேன்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பத்திரிகையில் வரவில்லை. வராமல் பார்த்துக்கொண்டார்கள். உங்களில் பாதிப்பேருக்கு முழுசாகத் தெரியாது.

மதியம் இரண்டே கால் மணிக்கு ஒரு தாய் ஓடிவந்தார். மகளைக் காணவில்லை, பதினோரு வயது, மஞ்சள் சட்டை. கடைசியாகப் பார்த்தது படகுக் குளத்தருகே. ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். பதில் இல்லை. வாயிற்கதவை அடைத்தோம். காவலர்கள் புதர் புதராகத் தேடினார்கள். மூன்று மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எதற்கு? குளத்தில் தேட. நீளமான இரும்புக் கொக்கியை எடுத்துக்கொண்டு நான் படகில் ஏறினேன். நீங்கள் யாராவது அந்த வேலை செய்திருக்கிறீர்களா? கொக்கி அடியில் எதிலாவது மாட்டும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டுதான் இழுத்தேன். ஒருமுறை ஒரு பழைய டயர். ஒருமுறை வேர். கரையில் அந்தத் தாய் தரையில் உட்கார்ந்து என் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்நாளில் நான் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை, இனிப் பார்க்கவும் வேண்டாம்.

நான்கு மணிக்குக் குழந்தை கிடைத்தது. எங்கே? குளத்துக்கு முப்பதடி தள்ளி, அதே கழிப்பறையில், மூலை அறையில், உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு! கூப்பிட்டது அத்தனையும் அவள் காதில் விழுந்திருக்கிறது. சகோதரி ஒருவர், இதோ இரண்டாவது நாற்காலியில் இருக்கிறார், கதவுக்கடியில் படுத்துப் பேசித்தான் வெளியே கொண்டுவந்தார். "ஏன் கண்ணு பதில் சொல்லல?" என்று கேட்டதற்கு அவள் சொன்னாளாம், "வெளில நிறையப் பேரு இருந்தாங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல." முதல் முறை அவளுக்கு. என்ன நடக்கிறது என்றே தெரியாமல் ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டினால் எட்டும் உயரத்தில் எட்டு வருடம் இருந்த டப்பா, நான்கு நாட்களுக்கு முன்பு எடுக்கப்பட்டிருந்தது!

மேலாளர் அவர்களே, அந்த டப்பா இருந்திருந்தால் அவள் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்திருப்பாள். அம்மாவோடு படகில் போயிருப்பாள். ஒரு தாய் தன் பிள்ளையின் பிணத்துக்காகக் குளக்கரையில் காத்திருந்திருக்க மாட்டாள். இது குடும்பம் வரும் இடம் என்றீர்களே, அன்று வந்தது குடும்பம் இல்லையா?

கூட்டத்தை நடத்துபவர் எனக்கு ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். 'உரையை முடித்துக்கொண்டு ஒரு நிமிட மௌன அஞ்சலிக்கு அழைக்கவும்.' தம்பி, கோபித்துக்கொள்ளாதே. அழைக்க மாட்டேன். மௌனமா? அக்காவுக்கா? அவர் எட்டு வருடம் மல்லுக்கட்டியதே இந்த மௌனத்தோடுதானே! அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னால் இருந்ததும் மௌனம்தானே! நான் பட்டியலில் எழுதியதும், நீங்கள் படத்துக்குக் கீழே அச்சடித்ததும் அதேதான். மௌனம் போதும். எழுந்து நில்லுங்கள், அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆண்கள் முதலில். நேற்று நான் வீட்டில் தனியாகச் சொல்லிப் பழகினேன், "யாரோட பேசறீங்க?" என்று மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள். எனக்கே வந்துவிட்டது, உங்களுக்கு வராதா? நாப்கின். ராட்டினப் பிரிவு, என் காதில் விழவில்லை! நாப்கின். இப்போது சரி. மேடையிலும் சொல்லலாம், ஒன்றும் உதிர்ந்துவிடாது. உட்காருங்கள்.

இறுதியாக, உறுதிமொழி. அக்காவின் பாதையில் நடப்போம், அக்காவின் கனவை நனவாக்குவோம் என்றெல்லாம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்க நான் வரவில்லை. என்னால் முடிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

தினமும் காலை எட்டு மணிக்கு என் மேசைக்கு ஒரு தாள் வரும். பிரேக், சங்கிலி, போல்ட் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நான் அதில் கையெழுத்துப் போட்டால்தான் வாயிற்கதவைத் திறக்கலாம். இது நிர்வாகம் எழுதிய விதி, நான் எழுதியதில்லை. அந்தத் தாளின் கடைசி வரியை நான் இருபத்தாறு வருடமாகப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நேற்றுப் படித்தேன். 'பார்வையாளர்கள் அனைவரையும் வரவேற்கப் பூங்கா எல்லா வகையிலும் தயாராக உள்ளது.' பார்வையாளர்கள் அனைவரையும்!

நாளைக் காலை நான் ராட்டினத்துக்கு முன்பு கழிப்பறைகளைப் பார்ப்பேன். இந்தச் சகோதரிகள் என்னோடு வருவார்கள். பதினோரு கதவையும் திறப்போம். டப்பா இருக்க வேண்டும், அது நிரம்பியிருக்க வேண்டும், பூங்காவே அதை நிரப்பியிருக்க வேண்டும். பத்து இருந்து ஒன்று இல்லாவிட்டாலும் என் பேனா மூடியைக் கழற்ற மாட்டேன். வேலையை விட்டுத் தூக்குங்கள். அடுத்து கையெழுத்துப் போடத் தகுதியுள்ள இரண்டு பேரும் இதோ எனக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள், அவர்களையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிடங்குச் சாவி உங்களிடம்தான் இருக்கிறது, மேலாளர் அவர்களே. இப்போது மணி ஆறு. எட்டு மணிக்கு இன்னும் பதினான்கு மணி நேரம் இருக்கிறது.